தொட்டிலுக்கு எந்த லென்ஸ்?

நம் சங்கத்துக் காமிராவிற்கு மற்றொரு லென்ஸ் வாங்குவது என்று முடிவாகிவிட்டது. எந்த லென்ஸ் என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. பொதுக்குழு கூடுமுன் என் கருத்தை எழுத்தில் வைத்துவிடுவது நலம் என்று தோன்றியது. கூட்டத்தில் உரத்த குரல் படைத்தோர் பலர் உளர்; எனக்கோ குரல் சிறிது.

தொலைவிலுள்ளதை அருகில் இழுத்துக் காட்டும் பெரிய ஜூம் லென்ஸ் வேண்டும் என்கின்றனர் ஒரு சாரார். விளையாட்டு விழா, பொங்கல் விழா மேடை, வளாகத்து மயில்கள் ஆகியவை அவர்கள் கண்முன் நிற்கின்றன. எல்லாவற்றிற்கும் பயன்படும் ஒரே ஜூம் லென்ஸை வாங்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்கின்றனர் மற்றொரு சாரார். நான் கேட்பது இவ்விரண்டும் அன்று. 35 மில்லி மீட்டர், எஃப் 1.8 என்ற சின்னஞ்சிறு லென்ஸ். அது நீளாது, சுருங்காது. மயிலை அருகில் காட்டாது. பார்ப்பதற்குப் பெருமையாகவும் இராது. ஆனாலும் அதுவே நமக்குத் தேவை என்பது என் துணிபு.

காமிராவை எடுத்துச் செல்வோர் கையொப்பமிடும் நோட்டைத் தோழர்கள் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டுகிறேன். விளையாட்டு விழா ஆண்டுக்கு ஒரு நாள். பொங்கல் விழா ஒரு நாள். மற்ற நாட்களில் அந்தக் காமிரா எங்கே போகிறது? குடியிருப்புக்குப் போகிறது. மணமாகிக் குடும்பத்தோடு தங்கியிருக்கும் ஆராய்ச்சி மாணவர், இளம் ஆசிரியர், அலுவலக ஊழியர் ஆகியோர் வீடுகளுக்குப் போகிறது. பெயர் சூட்டு விழா, தொட்டில் போடுதல், காதுகுத்து, முதற் பிறந்தநாள் என்று ஏதோ ஒன்று அங்கே நடந்துகொண்டேயிருக்கிறது. நம் சங்கக் காமிரா உண்மையில் குழந்தைகளின் காமிரா. விழா மேடை அதற்குப் பகுதிநேர வேலை.

அந்தக் குழந்தைகளின் பாட்டிமார் டில்லியில் இல்லை. திருநெல்வேலியிலும் தஞ்சையிலும் திருவண்ணாமலையிலும் இருக்கிறார்கள். இரண்டு நாள் இரயிலில் உட்கார்ந்துவர எல்லா முழங்கால்களும் இடம் கொடுப்பதில்லை. கைப்பேசியில் முகம் பார்த்தே பேசலாமே என்பீர்கள். பேசத்தான் பேசுகிறார்கள். ஆனால் பேச்சு முடிந்ததும் திரை இருண்டுவிடுகிறது. சுவரில் மாட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.

எனக்குத் தெரிந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர் தம் மகனின் முதல் மூன்று மாதங்களை, காமிராவோடு வந்த 18-55 ஜூம் லென்ஸைக் கொண்டு தாமே படமெடுத்தார். இருநூறு படங்களுக்கு மேல் இருக்கும். பையன் கையை ஆட்டியபோதெல்லாம் விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புகைதான் இருந்தது; சிரித்தபோது முகமே கரைந்திருந்தது. தெளிவாக விழுந்த படங்களை மட்டும் பொறுக்கி ஊருக்கு அனுப்பினார். சில நாள் கழித்து அவருடைய தாயார் தொலைபேசியில் கேட்டாராம்: "ஏய்யா, பிள்ள எந்நேரமும் ஒறங்கிக்கிட்டேதான் கெடக்கானா? மேலுக்கு ஒண்ணுமில்லையே?"

உறங்கும் குழந்தை மட்டுமே தெளிவாக விழும் காமிரா அது. குற்றம் தந்தையிடத்தும் இல்லை, காமிராவிடத்தும் இல்லை. கணக்கு அப்படி. அந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். கலைப்பிரிவுத் தோழர்கள் அஞ்ச வேண்டாம். பெருக்கலும் வகுத்தலும் போதும்.

நண்பகல் வெயிலின் ஒளி ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். மேகம் மூடிய பகலிலும் அது ஆயிரக் கணக்கில் நிற்கும். எங்கள் ஆய்வுக்கூடத்து ஒளிமானியைக் கையோடு கொண்டுபோய், குழல் விளக்கு ஒன்று எரியும் ஒரு குடியிருப்பு அறையில், தொட்டில் கட்டியிருந்த மூலையில் மாலை வேளையில் அளந்து பார்த்தேன். 80 லக்ஸ் காட்டிற்று. வெயிலில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை! ஆனால் அந்த அறைக்குள் நுழையும் நமக்கு அது இருட்டாகவா தெரிகிறது? இல்லை. கண் தன்னைத்தானே சரிசெய்துகொண்டு நம்மை ஏமாற்றிவிடுகிறது. காமிரா ஏமாறுவதில்லை.

இவ்வளவு குறைந்த ஒளியை வாங்க லென்ஸின் வாய் அகலமாக இருக்க வேண்டும். மழையில் செம்பை வைத்தால் பிடிக்கும் நீரும், அண்டாவை வைத்தால் பிடிக்கும் நீரும் ஒன்றாகுமா? லென்ஸின் குவியத் தூரத்தை அதன் வாயின் விட்டத்தால் வகுத்தால் வருவதே எஃப் எண். ஆகவே எண் சிறிதானால் வாய் பெரிது. நம்மிடமுள்ள 18-55 லென்ஸை 35-இல் நிறுத்தினால் அதன் எஃப் எண் 4.5, வாயின் விட்டம் சுமார் 8 மில்லி மீட்டர். நான் கேட்கும் லென்ஸின் வாயோ 19 மில்லி மீட்டருக்கு மேல். ஒளியின் அளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கணக்கிட்டால் 6 மடங்குக்குச் சற்று அதிகமாகவே ஒளி கிடைக்கும்.

ஆறு மடங்கு ஒளியால் என்ன நேருகிறது? அதே 80 லக்ஸ் அறையில் காமிராவின் உணர்திறனை ஐ.எஸ்.ஓ. 1600-இல் வைப்போம். பழைய லென்ஸுக்கு ஷட்டர் விநாடியில் 25-இல் ஒரு பங்கு திறந்திருக்க வேண்டும். புதியதற்கு 160-இல் ஒரு பங்கு போதும். குழந்தை கையை விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று கொள்வோம். இது பெரிய வேகமன்று. கிலுகிலுப்பையைக் கண்டாலே அவ்வளவு வீசும். முதல் லென்ஸில் ஷட்டர் திறந்து மூடுவதற்குள் அந்தக் கை 2 சென்டி மீட்டர் நகர்ந்துவிடும். இரண்டாவதில் 3 மில்லி மீட்டர். 2 சென்டி மீட்டரில் ஒரு கைக்குழந்தையின் விரல்கள் அனைத்தும் ஒன்றோடொன்று கலந்துபோகும். 3 மில்லி மீட்டரில் ஓரம் சற்றே மங்கினாலும் விரல் விரலாகவே இருக்கும்.

பெரிய ஜூம் கேட்கும் தோழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் நிதிக்குள் அடங்கும் 70-300 லென்ஸ்களின் எஃப் எண் 4.5-இல் தொடங்கி 5.6-இல் அல்லது அதற்கும் மேலே முடிகிறது. இருப்பதைக் காட்டிலும் இருட்டான லென்ஸுக்கு இருப்பதைக் காட்டிலும் அதிக விலை கொடுக்கப் போகிறோம். அதுவும் போகட்டும், அவற்றுட் பல, பொருள் ஒரு மீட்டருக்கு அப்பால் இருந்தால்தான் குவியும். தொட்டிலின் ஓரத்தில் நின்றுகொண்டு அதை வைத்து என்ன செய்வது?

"இப்போது வரும் லென்ஸ்களில் அதிர்வைத் தடுக்கும் கருவி இருக்கிறதே!" என்பாரும் உளர். இருக்கிறது, நல்ல கருவிதான். அது படமெடுப்பவர் கையின் நடுக்கத்தைத் தடுக்கும். குழந்தையின் கையைத் தடுக்கும் கருவியை இன்னும் எவரும் செய்யவில்லை. கோயில் மண்டபத்துத் தூணுக்கு அது உதவும். தவழும் பிள்ளைக்கு உதவாது. கடைக்காரர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்லிக் கேட்டதில்லை.

உணர்திறனையே உயர்த்தினால் என்ன என்று கேட்கலாம். பழைய லென்ஸிலேயே 160-இல் ஒரு பங்கு வேண்டுமானால் 1600 இருந்த இடத்தில் 10,000 வைக்க வேண்டும். நம் காமிராவில் அங்கே படம் மணல் தூவியதுபோல் ஆகிவிடும். மணலா, மங்கலா என்று வந்தால் மணலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பேன். ஆனால் இரண்டும் வேண்டாம் என்பதற்குத்தானே லென்ஸ் வாங்குகிறோம்?

பிளாஷ் பற்றிச் சற்று நேர்மையாகப் பேச வேண்டும். குழந்தையின் முகத்துக்கு நேரே அடிக்கும் பிளாஷை எந்தத் தாயும் விரும்புவதில்லை. அதனால் கண் கெட்டுவிடும் என்பதற்குச் சான்று கிடையாது. ஆனால் குழந்தை திடுக்கிடும், படமும் தட்டையாக வரும். ஒளியை வெள்ளைக் கூரையில் அடித்துத் திருப்பிவிடும் முறையோ உண்மையிலேயே நல்ல முறை. ஓவியம்போல் படம் விழும். அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் நம் குடியிருப்புகளில் எத்தனை கூரைகள் வெள்ளையாக இருக்கின்றன? நீலக் கூரைக்குக் கீழே எடுத்தால் பிள்ளை கண்ணபிரான் நிறத்தில் வருவான்! தவிர, உறங்கத் தொடங்கிய குழந்தையை எழுப்பிவிட்டு அந்த வீட்டில் தேநீர் எதிர்பார்க்க முடியாது.

கைப்பேசியின் எஃப் எண்ணும் 1.8 தானே என்று ஒரு நண்பர் மடக்கினார். நல்ல கேள்வி. ஆனால் அந்த லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 6, 7 மில்லி மீட்டர்தான். ஆகவே வாய் 4 மில்லி மீட்டரைத் தொடாது. அந்தக் குறையை மறைக்க அது விரைவாகப் பல படங்களை எடுத்து ஒன்றாக்குகிறது. அசையாத பொருளுக்கு அது அற்புதம். அசையும் குழந்தைக்கோ சில வேளை ஒரு கையில் ஏழு விரல் கொடுக்கிறது.

இனி, எஃப் 1.8 என்று ஒப்புக்கொண்டவர்களுள்ளும் ஒரு சண்டை உண்டு. 50 மில்லி மீட்டர் வாங்குவதா, 35 வாங்குவதா? 50 பெரும்பாலும் மலிவு, புகழும் அதிகம். நான் 35 என்று பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் நம் அறைகளின் அளவு. அறை பத்தடிக்குப் பத்தடி. கட்டில், பீரோ, தொட்டில், துணிக்கொடி எல்லாம் போக, முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டாலும் குழந்தைக்கும் காமிராவுக்கும் இடையே 2 மீட்டர் கிடைத்தால் பெரிது. நம் காமிராவின் உணர்தகடு பழைய 35 மி.மீ. பிலிமைவிடச் சிறியது, 24 மில்லி மீட்டருக்கும் சற்றுக் குறைந்த அகலம். அதில் 2 மீட்டர் தொலைவில் 50 மி.மீ. லென்ஸ் காட்டும் இடம் சுமார் 94 சென்டி மீட்டர் அகலம், 62 சென்டி மீட்டர் உயரம். பிள்ளை அடங்கும், பிள்ளையைத் தூக்கிவைத்திருக்கும் தாய் அடங்கமாட்டாள். 35 மி.மீ. காட்டுவதோ ஏறக்குறைய 1.3 மீட்டருக்கு 90 சென்டி மீட்டர். தாயின் மடி, பக்கத்தில் கிடக்கும் மரப்பாச்சி, எட்டிப் பார்க்கும் அக்காள் எல்லோரும் அடங்குவர். ஊரிலிருக்கும் பாட்டிக்குப் பேரனின் முகம் மட்டுமா வேண்டும்? மகள் இளைத்திருக்கிறாளா என்பதையும் அவர் பார்ப்பார்.

அப்படியானால் 18-இல் வைத்து மூக்கருகில் போய் எடுக்கலாமே என்றால், கூடாது. மிக அருகில் போனால் மூக்கு பெருத்துக் காது சிறுத்துவிடும். இதற்குக் காரணம் லென்ஸ் அன்று, தொலைவு. அகன்ற லென்ஸ் நம்மை அருகே போகத் தூண்டுகிறது. அதுவே அதன் குற்றம். 35-ஐ வைத்துக்கொண்டும் முகத்தை நெருங்கி அரை மீட்டருக்குள் போகாதிருப்பது நல்லது.

என் லென்ஸின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பொதுக்குழுவில் மற்றவர்கள் சொல்வார்கள். வாயை முழுதும் திறந்து 1 மீட்டர் தொலைவில் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் 5 சென்டி மீட்டர் அளவே. கண் தெளிந்தால் காது மங்கும். ஆகையால் கண்ணையே குறிவைத்துக் குவிக்க வேண்டும், எண்ணையும் 2.5-க்குக் கொண்டுவந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். அண்ணனும் தம்பியும் சேர்ந்து உட்கார்ந்தால் 2.8 வைத்து ஒன்றரை மீட்டருக்குப் பின்வாங்குங்கள்; ஆழம் 19 சென்டி மீட்டராக விரியும். அப்போதும் பழைய லென்ஸைவிட இரண்டரை மடங்கு ஒளி நம் கையில் இருக்கும்.

மற்றொரு தொல்லை லென்ஸைச் சேர்ந்ததன்று, மின்சாரத்தைச் சேர்ந்தது. நம் நாட்டு மின்னோட்டம் விநாடிக்கு 50 சுழற்சி. ஆகவே பழைய சோக் வைத்த குழல் விளக்கு விநாடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகிறது. மட்டமான எல்.இ.டி. விளக்குகளும் அப்படியே. கண்ணுக்குத் தெரியாத இந்தத் துடிப்பு 160-இல் ஒரு பங்கு ஷட்டருக்குத் தெரிந்துவிடும். ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது மஞ்சள் தட்டியும் வரும். பிள்ளை சற்று அமைதியாக இருக்கையில் 100-இல் ஒரு பங்கு வைத்தால் இது நீங்கும். ஓசையில்லாத மின்னணு ஷட்டர் உள்ள காமிராக்களை உறங்கும் குழந்தைக்கென்று சிலர் தேடிப் போகிறார்கள். குழல் விளக்கின் கீழ் அவை படத்தில் பட்டை பட்டையாகக் கோடு போடுவதையும் அறிந்துகொண்டு போகட்டும்.

நிற்க. லென்ஸுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: திரைச்சீலையை விலக்குவது. தொட்டிலைச் சுவரோரத்திலிருந்து ஜன்னலோரத்திற்கு நகர்த்தினாலே பகலில் ஒளி பல மடங்காகிவிடும், காசும் வேண்டாம். ஆனால் டில்லியில் இதற்கு வாய்க்கும் மாதங்கள் சில. டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டம். ஜன்னலைத் திறந்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும். மே, ஜூனில் வெளியே அனல். திரையை இழுத்து மூடித்தான் வைத்திருக்கிறார்கள். நம் குடியிருப்புக் குழந்தைகள் ஆண்டில் பாதியைக் குழல் விளக்கின் கீழேதான் கழிக்கின்றனர்.

நம் பெற்றோர், பாட்டனார் வீட்டுப் பழைய ஆல்பங்களை நினைத்துப் பாருங்கள். குழந்தைகள் எங்கே இருக்கிறார்கள்? வாசற்படியில், முற்றத்தில், வேப்ப மரத்தடியில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருக்கிறார்கள். இல்லாவிட்டால் ஸ்டூடியோவில் விளக்குகளுக்கு நடுவே விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அடுக்களையில் தவழ்ந்த பிள்ளையின் படமோ, கூடத்தில் தூளியில் ஆடிய பிள்ளையின் படமோ காண்பது அரிது. அன்றைய பெட்டிக் காமிராவிலும் அக்ஃபா கிளிக்கிலும் வெயில், மேகம் என்ற இரண்டே குறிகள். வீடு என்ற குறி கிடையாது. நம் தாய்மார் குழந்தையாக இருந்தபோது வீட்டுக்குள் எப்படி இருந்தார்கள் என்பதற்குப் படம் இல்லாமற் போனது பாசக் குறைவால் அன்று. லென்ஸின் வாய் சிறிது, பிலிமும் மந்தம்.

வாய் அகன்ற லென்ஸ் அப்போது உலகில் இல்லாமலும் இல்லை. ஜெர்மனியில் ஸைஸ் நிறுவனத்துப் பால் ருடால்ப் 1896-இல் அமைத்த பிளானார் என்ற லென்ஸின் வழிவந்தவையே இன்று கடையில் கிடைக்கும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ்களிற் பல. 1924-இல் வெளிவந்த எர்மனாக்ஸ் காமிராவின் லென்ஸ் எஃப் 2. அதைக் கொண்டு எரிக் சாலமன் நீதிமன்றத்துக்குள்ளும் மாநாட்டு மண்டபங்களுக்குள்ளும் பிளாஷ் இல்லாமலே படமெடுத்துப் புகழ் பெற்றார். அமைச்சர்களுக்கு அன்று கிடைத்தது நம் தொட்டில்களுக்கு இப்போதுதான் கட்டும் விலையில் கிடைக்கிறது.

வாங்குவதைப் பற்றியும் ஒரு சொல். சாந்தினி சௌக்கில் கூச்சா சௌத்ரி சந்தில் பழைய லென்ஸ் கிடைக்கும்; நிதி குறைவாகையால் அங்கே போவதில் எனக்குத் தடையில்லை. ஆனால் நம்முடையது நிக்கானின் மலிவு வகைக் காமிரா. உள்ளே குவிக்கும் மோட்டார் கிடையாது. "டி" என்று முடியும் பழைய 50 மி.மீ. லென்ஸை மலிவென்று வாங்கிவந்தால் கையால்தான் திருகிக் குவிக்க வேண்டும். தவழும் பிள்ளையோடு அந்தப் போட்டியில் வென்றவர் எவருமிலர். 2009-இல் வெளிவந்த 35 மி.மீ. லென்ஸில் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு கைவிளக்கையும் எடுத்துச் செல்லுங்கள். லென்ஸின் பின்புறமிருந்து ஒளியடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருப்பது தெரிந்துவிடும். அப்படியிருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

பெரிய ஜூமை விட இது மலிவாகவே முடியும். மிஞ்சும் தொகையைப் படங்களைத் தாளில் அச்சிட்டு ஊருக்கு அஞ்சலில் அனுப்பும் செலவுக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் இரண்டாவது கோரிக்கை. பெற்றோர் தருகிறோம் என்பார்கள், மறந்துவிடுவார்கள். குழந்தை வைத்திருப்பவர்களுக்கு மறதி இயல்பு. வீட்டுக்கு நான்கு படம், பெரிய உறை ஒன்று, தபால் செலவு. பொருளாளர் மனம் வைத்தால் முடியும்.

அடுத்த மாதம் நம் உணவு விடுதிச் சமையற்காரர் வீட்டில் தொட்டில் கட்டுகிறார்கள். அவர் மனைவியின் தாய் தந்தையர் கம்பத்தில் இருக்கிறார்கள், வரவில்லை. அதற்குள் லென்ஸ் வந்துவிட்டால் படமெடுத்துத் தர நான் தயார். நோட்டில் இப்போதே பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.